ஈரலில் நோய், நாவில் வறட்சி

புளியங்காயைக் கண்டால் மாத்திரமன்று, அதனை மனத்தில் எண்ணினாலும் வாயில் நீர் ஊறுகிறது. பெருநாட் காலையில் அடுக்களையிலிருந்து வட்டிலப்பத்தின் ஏலவாசம் எழும்போது, சிறுவர்கள் தம்மையறியாமலே எச்சில் விழுங்குவதை எந்த வீட்டிலும் காணலாம். நாளொன்றுக்கு அரை லீற்றர் முதல் ஒன்றரை லீற்றர் வரையான உமிழ்நீர் நம் வாயில் சுரக்கிறது. அதனை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. கிணற்றில் நீருள்ள வரையில் கிணற்றைப் பற்றி யார் நினைக்கிறார்கள்? வற்றிய பின்னரே அதன் அருமை புலப்படுகிறது.

இவ்வாரம் உமிழ்நீர் வற்றுவதைப் பற்றியும், அவ்வறட்சிக்கும் ஈரலுக்கும் உள்ள, பலரும் அறியாத ஓர் உறவைப் பற்றியும் பேசுவோம். வாய் எங்கே, ஈரல் எங்கே, இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் வியக்கலாம். வைத்தியர்களும் நெடுங்காலம் அப்படித்தான் எண்ணியிருந்தார்கள்.

வாயிலுள்ள ஊற்றுகள்

உமிழ்நீரைச் சுரக்கும் பெரிய சுரப்பிகள் மூன்று சோடி. காதுக்கு முன்னே கன்னத்தில் ஒரு சோடியும், கீழ்த்தாடை எலும்பின் உட்புறத்தே ஒரு சோடியும், நாவின் அடியில் ஒரு சோடியும் அமைந்துள்ளன. கூகைக்கட்டு வந்த பிள்ளையின் கன்னம் வீங்கி முகம் உருண்டையாகிவிடுவதைத் தாய்மார் அறிவர். அப்போது வீங்குவது முதலிற் சொன்ன கன்னச் சுரப்பியே. இவையன்றி உதட்டின் உட்புறத்திலும், கன்னத்திலும், அண்ணத்திலும் நூற்றுக்கணக்கான சிறு சுரப்பிகள் பரந்து கிடக்கின்றன. கீழுதட்டை மடித்து, உட்புறத்தைத் துணியால் ஒற்றிவிட்டுச் சற்றுப் பொறுத்துப் பார்த்தால், பனித்துளிபோல் நீர் அரும்புவதைக் காணலாம்.

உமிழ்நீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு வெறும் நீர்தான். எஞ்சிய ஒரு பங்கிலேதான் அதன் மகிமை இருக்கிறது. உணவை வழுவழுப்பாக்கித் தொண்டைக்குள் இறக்குவது அது. மாப்பொருளைச் சமிக்கச் செய்யும் வேலையைத் தொடக்கிவைப்பது அது. பல்லை அரிக்கும் அமிலத்தை முறிப்பது அது. வாயிலுள்ள கிருமிகளை அடக்கி வைப்பதும் அதுவே. சுவையை நா உணர்வதற்கும் உணவு அந்நீரிற் கரைய வேண்டும்.

ஆகவே உமிழ்நீர் குறைந்தால் வருவது வெறும் தாகம் அன்று. பாண் துண்டையும் பிட்டையும் தண்ணீரின்றி விழுங்க முடியாது. மீன் குழம்பின் காரம் நாவைச் சுடும். இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து தண்ணீர் குடிக்க வேண்டிவரும். சிறிது நேரம் தொடர்ந்து பேசினாலும், குர்ஆன் ஓதினாலும் நா மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஈறோரத்தில் பற்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சொத்தையாகும். கடைவாய் வெடிக்கும். நாவில் வெண்படலம் படியும். கண்ணீரும் உடன் குறைந்தால், கண்ணில் மணல் விழுந்தாற்போல் உறுத்தும்.

கல்முனையிலும், சாய்ந்தமருதிலும், மருதமுனையிலும், நிந்தவூரிலும் இத்தகைய துன்பமுடைய ஒரு மூத்தம்மாவேனும் இல்லாத தெரு இராது. வீட்டார் சொல்லும் விடை ஒன்றுதான்: “வயது போனால் அப்படித்தான்.” அந்த விடையோடு விஷயம் முடிந்துவிடுகிறது.

வறட்சிக்குப் பல வாசல்கள்

வாய் வறட்சிக்கு மிகச் சாதாரணமான காரணங்களை முதலிற் சொல்லிவிடுதல் முறையாகும். சீனி வருத்தம் கட்டுப்பாட்டில் இல்லாதபோது வாய் வறளும். தடிமனுக்கும் ஒவ்வாமைக்கும் உட்கொள்ளும் குளிசைகள், மனச்சோர்வுக்கான சில மருந்துகள், சிறுநீரைப் பெருக்கும் இரத்த அழுத்தக் குளிசைகள் முதலியனவும் வறட்சியை உண்டாக்கும். மூக்கடைப்பினால் வாயால் மூச்சு விடுவோருக்கும், புகை பிடிப்போருக்கும் இத்துன்பம் உண்டு. நம் ஊரில் பத்துப்பேருக்கு வாய் வறண்டால் அவர்களிற் பெரும்பாலோருக்குக் காரணம் இவற்றுள் ஒன்றாகவே இருக்கும். ஆகவே இக்கட்டுரையைப் படித்தவுடன் எவரும் தமக்கு ஈரல் நோய் வந்துவிட்டதென்று அஞ்ச வேண்டுவதில்லை.

ஆனால், இக்காரணங்கள் எவையும் இல்லாதபோது, அல்லது இவற்றைச் சீர்செய்த பின்னும் வறட்சி மாறாதபோது, வேறொரு வாசலையும் தட்டிப் பார்க்க வேண்டும். அந்த வாசல்களுள் ஒன்று நாட்பட்ட வைரசு ஈரலழற்சி.

செங்கமாரியெல்லாம் ஒன்றல்ல

ஈரலழற்சி என்றதும் நமக்குச் செங்கமாரியே நினைவுக்கு வரும். ஈரலைத் தாக்கும் வைரசுகள் பலவகைப்பட்டன. ஏ, ஈ என்னும் இரண்டும் அசுத்தமான நீராலும் உணவாலும் வருபவை. கண் மஞ்சளாகும், பசி கெடும், சில வாரங்களில் பெரும்பாலும் தாமாகவே மாறிவிடும்.

பி, சி என்னும் இரண்டும் வேறு இயல்புடையவை. இவை இரத்தத்தின் வழியாகப் பரவுபவை. பி வைரசு தாயிடமிருந்து பிறக்கும் குழந்தைக்கும், தாம்பத்திய உறவாலும் பரவுகிறது. இவை சிலருடைய உடலில் புகுந்து ஆயுள் முழுவதும் தங்கிவிடுகின்றன. பி வைரசு, பிறக்கும்போது தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளில் நிலைத்துவிடும். வளர்ந்தவர்களுக்குத் தொற்றினால் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவானோரிலேயே நிலைக்கும். சி வைரசோ தொற்றியவர்களுள் ஏறத்தாழப் பத்தில் எழுவரில் நிலைத்துவிடுகிறது. கண் மஞ்சளாகாமல், காய்ச்சலின்றி, இருபது முப்பது ஆண்டுகள் அது ஈரலை மெல்ல மெல்ல அரித்துக்கொண்டிருக்கும். உலகத்தில் 2022ஆம் ஆண்டில் 25 கோடியே 40 இலட்சம் பேர் நாட்பட்ட பி வைரசுடனும், 5 கோடிப் பேர் சி வைரசுடனும் வாழ்ந்தனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது.

சி வைரசு 1989ஆம் ஆண்டில்தான் இனங்காணப்பட்டது. அதுவரை “ஏயும் அன்று, பியும் அன்று” என்றே அந்நோயைக் குறித்தார்கள். இவ்வைரசைக் கண்டறிந்தமைக்காக ஹார்வே ஓல்ட்டர், மைக்கல் ஹௌட்டன், சார்ள்ஸ் றைஸ் ஆகிய மூவருக்கும் 2020இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

உறவு வெளிப்பட்ட விதம்

கண்ணும் வாயும் ஒருங்கே வறளும் நோயொன்றைச் சுவீடன் நாட்டுக் கண் வைத்தியரான ஹென்ரிக் ஷோக்ரன் 1933ஆம் ஆண்டில் தம் ஆய்வு நூலில் விரிவாக எழுதினார். அந்நோய் அவர் பெயராலேயே இன்றும் வழங்குகிறது. உடலைக் காக்க வேண்டிய வெண்குருதிக் கலங்கள், தம் வீட்டையே கொள்ளையிடும் காவலாளர் போல, உமிழ்நீர்ச் சுரப்பிகளையும் கண்ணீர்ச் சுரப்பிகளையும் தாக்குவதே அந்நோயின் அடிப்படை. பெண்களுக்கே அது மிகுதியாக வருகிறது.

சி வைரசு அறியப்பட்டு மூன்றாண்டுகள் சென்றபின், 1992இல், பிரான்சு நாட்டு வைத்தியர் குழுவொன்று “லான்செற்” என்னும் வைத்தியச் சஞ்சிகையில் ஒரு சிறு ஆய்வை வெளியிட்டது. நாட்பட்ட சி வைரசு நோயாளர் 28 பேரின் உதட்டுச் சிறு சுரப்பிகளை எடுத்து நுணுக்குக்காட்டியின் கீழ் நோக்கினார்கள். அவர்களுள் 16 பேரின் சுரப்பிகளில், ஷோக்ரன் நோயிற் காணப்படுவது போன்றே வெண்குருதிக் கலங்கள் திரண்டு நின்றன. ஒப்புநோக்குவதற்காகப் பார்க்கப்பட்ட, அவ்வைரசு இல்லாத 20 பேருள் ஒருவரிலேயே அம்மாற்றம் இருந்தது. ஈரலில் குடியிருக்கும் வைரசு, உதட்டின் உட்புறத்தில் தன் அடையாளத்தை விட்டுச் சென்றிருந்தது.

தற்செயலாக இரண்டு நோய்கள் ஒருவரிடம் சேர்ந்திருக்கக் கூடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1997இல் யப்பானிய விஞ்ஞானி கொய்கேயும் அவர் குழுவினரும் இதற்கு விடை தேடினர். சி வைரசின் மேலுறைக்குரிய பரம்பரையலகுகளை எலிகளுக்குள் புகுத்தி வளர்த்தார்கள். அந்த எலிகளின் உமிழ்நீர்ச் சுரப்பிகளிலும் கண்ணீர்ச் சுரப்பிகளிலும் அதே வகை அழற்சி தோன்றியது. பின்னர், நோயாளர்களின் சுரப்பிக் கலங்களுக்குள்ளேயே வைரசின் மரபுப் பொருள் இருப்பதை வேறு ஆய்வாளரும் கண்டனர். வைரசுக்கும் சுரப்பிக்கும் நேரான தொடர்பு உண்டு என்பது இவற்றால் வலுப்பெற்றது.

நிகழ்வது இதுவே. வைரசு உடலை விட்டு நீங்காதபடியால், அதனை எதிர்க்கும் கலங்கள் ஓயாது தூண்டப்படுகின்றன. நெடுநாள் ஓயாத போரில் எதிரி யார், அயலான் யார் என்ற வேறுபாடு மங்கிவிடுகிறது. அக்கலங்கள் சுரப்பிகளிற் குடியேறி அவற்றின் வேலையைக் கெடுக்கின்றன. சிலருடைய இரத்தத்தில், குளிர்ச்சியிற் படியும் இயல்புடைய புரதங்களும் தோன்றுகின்றன. அவை சிறு இரத்தக் குழாய்களை அடைத்து, காலிற் செம்புள்ளிகளையும், மூட்டு நோவையும், விறைப்பையும் உண்டாக்கும்.

ஆயினும் இதனைத் தூய ஷோக்ரன் நோயென்று கொள்வதில்லை. அந்நோய்க்கே உரிய பிறபொருளெதிரிகள் சி வைரசு நோயாளரின் இரத்தத்தில் அரிதாகவே காணப்படுகின்றன; வறட்சியும் பெரும்பாலும் சற்று மென்மையானது. சுரப்பியில் மாற்றம் உடைய எல்லோரும் வறட்சியை உணர்வதுமில்லை. ஆகவே 2016இல் அமெரிக்க, ஐரோப்பிய வாத வைத்தியர் சங்கங்கள் சேர்ந்து வகுத்த விதிகளின்படி, உடலில் சி வைரசு செயற்படும் ஒருவரை ஷோக்ரன் நோயாளரெனக் கணக்கிற் சேர்ப்பதில்லை. இது ஏட்டு வழக்கு அன்று. ஷோக்ரன் நோயை வேரறுக்கும் மருந்து இன்னும் இல்லை. சி வைரசுக்கோ மருந்து உண்டு. இரண்டையும் வேறு பிரிக்காவிட்டால், குணப்படுத்தக்கூடிய ஒருவரைக் குணமாகாதவரென்று கைவிட நேரும்.

பி வைரசுக்கும் உமிழ்நீர்ச் சுரப்பிக்கும் இத்துணை உறுதியான தொடர்பு காட்டப்படவில்லை. எனினும் பி வைரசைப் பற்றிக்கொண்டே வாழும் டி என்னும் வைரசின் அடையாளம், சில ஷோக்ரன் நோயாளரின் சுரப்பிகளில் இருந்ததாக 2016இல் ஓர் ஆய்வு கூறிற்று.

எப்படி அறிவது?

வறட்சியை அளப்பதற்குப் பெரிய இயந்திரம் வேண்டுவதில்லை. நோயாளி ஒன்றையும் மெல்லாமல், பதினைந்து நிமிடம் வாயிலூறும் நீரை ஒரு கிண்ணத்தில் விடுகிறார். அந்நேரத்தில் ஒன்றரை மில்லி லீற்றருக்கு மேல் சேராவிட்டால் சுரப்பு குறைந்துள்ளதென்று வைத்தியர் கொள்வார். கண்ணீரை அளக்க, கீழிமையில் மெல்லிய தாள் நாடாவொன்றைச் செருகி ஐந்து நிமிடம் வைப்பார்கள். ஐந்து மில்லி மீற்றருக்கு மேல் நனையாவிட்டால் கண்ணும் வறண்டுள்ளது. வேண்டுமாயின் உதட்டின் உட்புறத்தில் மரக்கச் செய்து சிறு சுரப்பிகள் சிலவற்றை எடுத்துப் பார்ப்பார்கள்.

சி வைரசைத் தேடும் இரத்தப் பரிசோதனை இரு படிகளையுடையது. முதற் பரிசோதனை பிறபொருளெதிரியைத் தேடுகிறது. அது “உண்டு” என்று வந்தால், ஒருகாலத்தில் வைரசு புகுந்திருக்கிறது என்பது மட்டுமே பொருள். இப்போதும் வைரசு இருக்கிறதா என்பதை இரண்டாம் பரிசோதனையே சொல்லும். வைரசு நீங்கிய பின்னரும் முதற் பரிசோதனை ஆயுள் முழுவதும் “உண்டு” என்றே காட்டும். இதனை அறியாமல் நம் இளைஞர் பலர் மனமுடைந்து போகின்றனர். வளைகுடா நாடுகளுக்குத் தொழிலுக்குச் செல்வோரின் வைத்தியப் பரிசோதனையில் பி, சி இரண்டும் தேடப்படுகின்றன. அங்கே தகுதியற்றவரென்று திருப்பப்படும் இளைஞர், பயணம் தவறிய துக்கத்திலும் வெட்கத்திலும் அந்தத் தாளை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறார். பெட்டிக்குள் வைப்பதற்கன்று அந்தத் தாள், வைத்தியரிடம் கொண்டுபோவதற்கு.

இலங்கை இவ்வைரசுகள் குறைவாகவுள்ள நாடுகளுள் ஒன்று என்பது ஆறுதலான செய்தி. ஆயினும் பல ஆண்டுகளுக்கு முன் இரத்தம் ஏற்றப்பட்டவர்கள், சிறுநீரகச் சுத்திகரிப்புச் செய்துகொள்வோர், அடிக்கடி இரத்தம் ஏற்ற வேண்டிய தலசீமியாப் பிள்ளைகள், நோய் மலிந்த நாடுகளில் ஊசி மருந்து ஏற்றிக்கொண்டவர்கள் ஆகியோர் ஒருமுறையேனும் பரிசோதித்துக் கொள்வது நன்று. அவர்களுக்கு வாய் வறட்சியும் இருந்தால் தாமதிக்கலாகாது. கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையும் உள்ளன. அங்குள்ள வைத்தியரிடம் வறட்சியைச் சொல்லும்போது, முன்னர் இரத்தம் ஏற்றியதையும் மறவாமற் சொல்லுங்கள். கேட்டாற் சொல்வோமென்று இருந்துவிட வேண்டாம்.

மருந்தும் மூலிகையும்

முன்னர் சி வைரசுக்கு இன்ரபெரோன் என்னும் ஊசியை ஓராண்டளவும் ஏற்ற வேண்டியிருந்தது. பாதிப்பேரளவிலேயே பலன் கிடைத்தது. அம்மருந்தே வாய் வறட்சியைக் கூட்டுவதும் உண்டு. 2013ஆம் ஆண்டின் இறுதியில் சொபொஸ்புவிர் என்னும் குளிசை அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்ட பின் நிலைமை முற்றாக மாறிற்று. இவ்வகைக் குளிசைகளைச் சேர்த்துப் பெரும்பாலும் பன்னிரண்டு வாரம் உட்கொள்வோரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் வைரசு அடியோடு நீங்கிவிடுகிறது. பி வைரசை இன்னும் அடியோடு நீக்க இயலாது. ஆயினும் அடக்கிவைக்கும் குளிசைகள் உண்டு.

வைரசு நீங்கினால் வாயில் மீண்டும் நீர் ஊறுமா? சிலருக்கு வறட்சி குறைகிறது. நெடுநாள் அழற்சியாற் சுரப்பி தழும்பாகிவிட்டவர்களுக்கு அது பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. ஆகவேதான் காலத்தோடு அறிதல் வேண்டும் என்று வற்புறுத்துகிறோம்.

கீழ்க்காய் நெல்லி இருக்கப் பயமேன் என்று பெரியவர்கள் கேட்கலாம். அம்மூலிகையை வைத்திய உலகம் அலட்சியம் செய்துவிடவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் எஸ். பி. தியாகராஜனும் அவர் குழுவினரும், பி வைரசைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பாரூக் புளும்பேர்க்கும் சேர்ந்து 1988இல் “லான்செற்” சஞ்சிகையில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நாட்பட்ட பி வைரசு உடையோருள் கீழ்க்காய் நெல்லிப் பொடியை ஒரு மாதம் உட்கொண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரசின் அடையாளம் மறைந்ததாகவும், வெறும் பொடி உட்கொண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்ததாகவும் அதிற் கூறினர். உலகமெங்கும் பெரும் நம்பிக்கை பிறந்தது. ஆனால் பிற இடங்களிற் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. தாமாக மாறும் செங்கமாரியில் மூலிகைக்குப் புகழ் சேர்வது எளிது. தாமாக மாறாத சி வைரசில் அதனை நம்பிக் காலங்கடத்துவது ஆபத்து.

ஒரே சஹனில் உண்ணலாமா?

இக்கட்டுரையை எழுதத் தூண்டிய கேள்வி இதுவே. வீட்டிலொருவருக்கு நாட்பட்ட ஈரலழற்சி என்று தெரிந்ததும், அவருக்குத் தனிக் கோப்பை, தனித் தட்டு, தனிப் பாய் என்று ஒதுக்கிவைப்போர் உண்டு. கலியாண வீட்டில் சஹனைச் சுற்றி எல்லோரும் அமரும்போது, அவர் மட்டும் “எனக்குப் பசியில்லை” என்று மூலையில் இருந்துவிடுகிறார். பேரப்பிள்ளைக்குச் சோறூட்ட நீண்ட கையை, மருமகள் மெல்லத் தடுத்துவிடுகிறாள். வைரசு செய்யும் தீங்கிலும் இந்த ஒதுக்கம் செய்யும் தீங்கு சிலருக்குப் பெரிது.

பி வைரசும் சி வைரசும் உமிழ்நீரிலும் காணப்படலாம் என்பது உண்மை. ஆயினும் உணவாலும், நீராலும், ஒரே தட்டில் உண்பதாலும், ஒரே கோப்பையிற் குடிப்பதாலும், முஸாபஹா செய்வதாலும், கட்டித் தழுவுவதாலும் இவை பரவுவதில்லை. அசுத்தமான உணவால் வரும் ஏ வகைச் செங்கமாரிக்குச் சொல்லப்பட்ட எச்சரிக்கையை, வேறிரு நோய்களின்மேல் ஏற்றியதே இக்குழப்பத்துக்குக் காரணம். ஒரே சஹனில் தாராளமாக உண்ணலாம்.

அஞ்ச வேண்டியது இரத்தத்துக்கே. பல் துலக்கும் தூரிகை, சவர அலகு, நகவெட்டி, சீனி பார்க்கும் ஊசி ஆகியவற்றை ஒருவர்க்கொருவர் மாற்றிக்கொள்ளலாகாது. முடிதிருத்தும் நிலையத்தில் புதிய அலகு போடச் சொல்லிக் கேட்பதில் வெட்கமில்லை. காது குத்துவோரும், சுன்னத்துச் செய்யும் ஒஸ்தா மாமாவும், ஹிஜாமா செய்வோரும் ஒருவருக்குப் பயன்படுத்திய அலகை இன்னொருவருக்குப் பயன்படுத்தலாகாது. எகிப்து நாட்டில் 1950களிலிருந்து 1980கள் வரை ஒட்டுண்ணி நோயொன்றை ஒழிக்கப் பெரும் ஊசி இயக்கம் நடந்தது. நன்கு சுத்திசெய்யாத ஊசிகளை மீண்டும் பயன்படுத்தியமையால், அந்நற்பணியே சி வைரசை நாடெங்கும் பரப்பிவிட்டது. பின்னர் 2018இல் தொடங்கிக் கோடிக்கணக்கான மக்களைப் பரிசோதித்துக் குளிசை வழங்கி, நோயை வெகுவாகக் குறைத்ததற்காக அந்நாடு 2023இல் உலக சுகாதார நிறுவனத்தின் பாராட்டைப் பெற்றது.

பி வைரசுக்குத் தடுப்பூசி உண்டு. சி வைரசுக்கு இல்லை. இலங்கையிற் பிள்ளைகளுக்கான தடுப்பூசித் திட்டத்தில் பி தடுப்பூசி 2003இல் சேர்க்கப்பட்டது. அதற்கு முன் பிறந்தவர்கள், வீட்டிலொருவருக்கு பி வைரசு இருந்தால், வைத்தியரைக் கேட்டுத் தாமும் ஏற்றிக்கொள்வார்களாக.

வறண்ட வாயைப் பேணுதல்

காரணம் எதுவாயினும் வறண்ட வாய்க்குப் பொதுவான பராமரிப்பு உண்டு. தண்ணீரை ஒரேயடியாகக் குடியாமல் அடிக்கடி ஒவ்வொரு மிடறாகக் குடிப்பது நன்று. சீனி போட்ட தேநீரும் சோடாவும் பல்லுக்குப் பகை. உமிழ்நீரின் காவல் இல்லாத பல்லில் சீனி இருமடங்கு தீங்கு செய்யும். புளோரைட்டு கலந்த பற்பசையால் இருவேளை துலக்க வேண்டும். ஆறு மாதத்துக்கொருமுறை பல் வைத்தியரைக் காண வேண்டும். மிஸ்வாக் மெல்லும்போது சுரப்பிகள் தூண்டப்படுகின்றன. அது நல்ல வழக்கம். வெற்றிலையும் பாக்கும் வாயில் நீர் ஊறச் செய்யும் என்று எண்ணிச் சிலர் நாடுகின்றனர். பாக்கு வாய்த் தோலை இறுக்கி, புற்றுநோய்க்கும் வழிகோலும். புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டையும் உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் புற்றுநோய் தருபவற்றின் வரிசையிற் சேர்த்துவிட்டது. கன்னத்திலோ தாடையின் கீழோ ஒரு பக்கம் மட்டும் கட்டியாக வீங்கி, வாரக்கணக்கில் மாறாதிருந்தால் உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். நாட்பட்ட அழற்சியுள்ள சுரப்பியில் அரிதாக நிணநீர்ப் புற்று தோன்றுவதுண்டு.

நோன்பு மாதத்தைப் பற்றியும் ஒரு சொல். எச்சிலை விழுங்கினால் நோன்பு முறிந்துவிடும் என்று அஞ்சி, நாள் முழுதும் துப்பிக்கொண்டேயிருக்கும் முதியவர்கள் உளர். தன் வாயில் ஊறும் உமிழ்நீரை விழுங்குவதால் நோன்புக்குக் குறையில்லை என்பது உலமாக்கள் யாவரும் அறிந்ததே. துப்பத் துப்ப வறட்சிதான் மிகும். கடும் வறட்சியுடையோரும், ஈரல் நோய்க்கு மருந்து உட்கொள்வோரும் நோன்புக்கு முன் வைத்தியரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையை ஏற்பது குற்றமன்று.

இதனைப் படிக்கும் மாணவர்கள் இன்று தம் வீட்டு முதியவரிடம் ஒரு கேள்வி கேட்பார்களாக: “பாண் துண்டொன்றைத் தண்ணீரில்லாமல் விழுங்க முடிகிறதா?” இல்லையென்று விடை வந்தால், வயதின்மேற் பழியைப் போட்டுவிடாமல், அவர் உட்கொள்ளும் குளிசைகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, அவரை வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். அங்கே இரத்தத்தில் வைரசு இருப்பது தெரியவந்தால், அன்றிரவே அவரை அதே சஹனில் உங்களருகே அமர்த்தி உண்ணச் செய்யுங்கள்.

அடுத்த வாரம் சிறுவரின் பாற்பற்களைப் பற்றிப் பேசுவோம்.